குப்பாண்டி வைத்த பாக்கி

முதலில் மரியாதை தவறியவன் குப்பாண்டி.

மடத்துக்குள் நுழைந்ததும் மலைக்கொழுந்து இதைத்தான் சொன்னார். கும்பிடு அப்புறம்தான் வந்தது.

"முதல்ல தவறினவன் குப்பாண்டி, சாமி. மத்தவங்கெல்லாம் அவனைப் பார்த்துக் கெட்டவங்க."

ஏகம்பத் தம்பிரான் அப்போதுதான் பூசை முடித்து, திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்திருந்தார். அவருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். எதிரே நின்று மூச்சு வாங்கியவருக்கு அறுபத்திரண்டு.

"எந்தக் குப்பாண்டி?" என்று கேட்டார் தம்பிரான்.

"எங்க கோட்டையில பத்துப் பேருக்குத் தலைவன். நான் ஆயுதம் பிடிக்கக் கத்துக்கொடுத்த பயல்."

"எப்போது தவறினார்?"

"சித்திரை ஏழாந்தேதி. வெயில் ஏறி ஒரு நாழிகை. கிழக்கேயிருந்து காத்து. என் முகத்துக்கு நேரா வந்தான், போனான். கை நெஞ்சுக்கு வரல."

"காற்று கிழக்கிலிருந்தா வந்தது?"

மலைக்கொழுந்து அவரை முறைத்துப் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று சந்தேகம். தம்பிரானின் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஆமா, கிழக்கேயிருந்துதான்."

"சரி, உட்காருங்கள்."

ஊசிமலைக் கோட்டைக்கு வாசல் ஒன்றே ஒன்று. இருபத்திரண்டு வருடமாக அதன் காவல்தலைவர் மலைக்கொழுந்து. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யார், எந்த நாள், எந்த நேரத்தில் தன்னை மதிக்காமல் போனான் என்பதெல்லாம் மனப்பாடம்.

கோட்டையின் வழக்கம் இது. ஈட்டியோடு வாசலைக் கடப்பவன், காவல்தலைவருக்கு எதிரே வந்ததும் ஈட்டியை நிமிர்த்தி இடக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வலது உள்ளங்கையை நெஞ்சில் வைக்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். காவல்தலைவரும் தன் கையை நெஞ்சில் வைத்துத் திருப்பித் தருவார்.

ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான்.

"ஒரு மூச்சு சாமி. அதைக் கொடுக்க முடியலியாம் இவங்களுக்கு. மூணு மாசமா ஒருத்தன் கையும் வரல."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"கத்தினேன்."

"எவ்வளவு?"

"போன வாரம் இருளப்பன்னு ஒருத்தனைப் பார்த்துக் கத்தினேன். அரண்மனை மாடியில இருந்த புறாவெல்லாம் பறந்துடுச்சுன்னு சொல்றாங்க."

தம்பிரான் சிரிக்கவில்லை. "பிறகு?"

"தளவாய் கூப்பிட்டு விட்டார். 'மலைக்கொழுந்து, இனி வாசல்ல உன் சத்தம் கேட்டா உன்னை நெல் களஞ்சியத்துக்கு அனுப்பிடுவேன். பௌர்ணமிக்கு நானே வந்து உன் பக்கத்துல நின்னு பார்ப்பேன். அன்னிக்கு மரியாதை ஒழுங்கா இல்லேன்னாலும் களஞ்சியம்தான்'னுட்டார்."

"களஞ்சியத்தில் என்ன வேலை?"

"எலி விரட்டுற வேலை."

கோட்டை வாசலில் நின்று இரண்டு முற்றுகை பார்த்தவர் அவர்.

"கத்தினாலும் போச்சு, கத்தாட்டியும் போச்சு. பௌர்ணமிக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. சண்டைக்கு நிக்கிறவன் மாதிரித் தெரியாம ஒருத்தனை எப்படித் திருத்துறது, சாமி? அதைத்தான் கேட்க வந்தேன்."

தம்பிரான் அவருடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வாளா?"

"வாள்தான்."

"நான் ஐந்து வயதிலிருந்து மடத்திலேயே இருப்பவன். வாளை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கொஞ்சம் காட்டுகிறீர்களா?"

மடைப்பள்ளி வாசலில் சமையற்காரர் அம்பலம் அகப்பையோடு நின்றிருந்தார். எதையோ கத்தப் போகிறவர் போல வாயைத் திறந்தார். தம்பிரான் ஒரு விரலை லேசாக உயர்த்தினார். அம்பலத்தின் வாய் மூடிக்கொண்டது.

மலைக்கொழுந்து வாளை உருவிக் கொடுத்தார். தம்பிரான் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார்.

"இங்கே வெளிச்சம் போதவில்லை, வாருங்கள்."

வெளியே வந்தார்கள். மடத்து வாசலை ஒட்டி ஒரு தட்டைக்கல் கிடந்தது. அதன்மேல் வாளை வைத்துத் தம்பிரான் குனிந்து பார்த்தார்.

"இந்த இடத்தில் வாய் மழுங்கியிருக்கிறதே, ஏன்?"

மலைக்கொழுந்து சொன்னார். முதல் முற்றுகை, இரும்புக் கவசம் போட்ட ஒருவன், அவன் தோள். சொல்லச் சொல்லக் கதை நீண்டது. தம்பிரான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். தோள் என்றால் எந்தத் தோள்? அவன் என்ன சத்தம் போட்டான்? கை எத்தனை நாள் வலித்தது?

பேசிக்கொண்டே உள்ளே வந்து மோர் குடித்தார்கள். வாள் கல்லின்மேலேயே கிடந்தது.

"என் கேள்விக்குப் பதில் சொல்லலியே சாமி?"

"நாளைக்கு வாருங்கள்."

மறுநாளும் மலைக்கொழுந்து வாளோடு வந்தார். தம்பிரான் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இரவெல்லாம் யோசித்தேன்" என்றார். "கவசத்தில் பட்டு வாள் மழுங்கியது என்றீர்கள். உடையாமல் ஏன் மழுங்கியது? இங்கே வையுங்கள், மறுபடியும் பார்க்கிறேன்."

வாள் கல்லின்மேல் ஏறியது. அரை நாழிகை அதைப் பற்றியே பேச்சு. மலைக்கொழுந்துக்கு உள்ளுக்குள் எரிச்சல். சாமிக்கு இரும்புப் பைத்தியம் பிடித்துவிட்டதோ?

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"கேள்வி அப்படியே நிக்குது, சாமி."

"அந்த மரியாதையை எப்படிச் செய்வது? எனக்குச் செய்து காட்டுங்கள்."

மலைக்கொழுந்து சுற்றும் பார்த்தார். மூலையில் ஒட்டடைக்கம்பு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து ஈட்டியாகப் பிடித்தார். நடந்தார், நிமிர்த்தினார், இடக்கைக்கு மாற்றினார், வலக்கையை நெஞ்சில் வைத்தார். அறுபத்திரண்டு வயது உடம்பு ஒரு கணம் கல்தூண் போல நின்றது.

தம்பிரான் எழுந்து கம்பை வாங்கினார். நடந்தார். கம்பு காலுக்குள் சிக்கியது. கை வயிற்றில் போய் உட்கார்ந்தது.

"இல்ல சாமி, அது வயித்துவலிக்காரன் வைக்கிற கை" என்று சிரித்தார் மலைக்கொழுந்து. மெல்ல மணிக்கட்டைப் பிடித்து மேலே ஏற்றினார். "இங்க. விரலைச் சேர்த்து வைங்க. பார்வை இங்க, என் முகத்துல."

"இப்போது?"

"இன்னொரு தடவை."

"இப்போது?"

"பரவாயில்ல. நாலு நாள் பழகினா வந்துடும்."

"நான் இத்தனை தடவை தப்பாகச் செய்தேன். நீங்கள் கத்தவில்லையே?"

"உங்களை எதுக்குக் கத்துறது? நீங்க தெரியாமச் செஞ்சீங்க."

"தெரியாமல்தான் செய்தேன் என்று எப்படித் தெரியும்?"

மலைக்கொழுந்து கம்பை வாங்கி மூலையில் சாய்த்தார். பிறகு, "பார்த்தாலே தெரியுது" என்றார்.

"நாளைக்கு வாருங்கள்."

மூன்றாம் நாள் மலைக்கொழுந்து கோபத்தோடு வந்தார். கோட்டையிலிருந்து இறங்கும்போதே மனத்துக்குள் பேசிக்கொண்டு வந்தார். வாளைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தார். உள்ளே போய் நின்றார்.

"மூணு நாளாச்சு, சாமி. வாளைப் பார்த்தீங்க, கம்பைத் தூக்கினீங்க, மோர் கொடுத்தீங்க. நான் கேட்டதுக்கு ஒரு வார்த்தை சொல்லல. பதில் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிடுங்க. நான் களஞ்சியத்துக்குப் போய் எலியோட பேசிக்கிறேன்."

மடைப்பள்ளியிலிருந்து அம்பலம் ஓடிவந்தார்.

"அப்பாடா!" என்றார். "இன்னிக்குத்தான் என் வயிறு குளிர்ந்துச்சு."

"என்னய்யா?"

"என்னய்யாவா? இந்த மடம் கட்டின நாளிலிருந்து ஆயுதம் அந்தக் கல்லைத் தாண்டி வந்ததில்ல. ராசாவே வந்தாலும் அங்கதான் வச்சுட்டு வருவார். நீர் பாட்டுக்கு முதல் நாள் வாளைக் கட்டிக்கிட்டு மூலஸ்தானம் வரைக்கும் வந்து நிக்கிறீர்! அகப்பையாலயே அடிச்சு விரட்டியிருப்பேன். சாமிதான் சும்மா இருன்னுட்டார்."

மலைக்கொழுந்தின் கை இடுப்புக்குப் போனது. அங்கே வாள் இல்லை.

காது மடல் வரை சூடு ஏறியது.

"எனக்குத் தெரியாது, சாமி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே" என்றார் தம்பிரான்.

"எப்ப?"

"இரண்டு முறை."

மலைக்கொழுந்து வாசலில் கிடந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சந்தேகத்தோடு கேட்டார்.

"அப்ப, வாளைப் பார்க்கணும்னு சொன்னது தந்திரமா?"

"இல்லை. உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டேன். அது ஏன் உடையவில்லை என்று இன்னும் எனக்குப் புரியவில்லை."

மலைக்கொழுந்து மலை ஏறும்போது குதித்துக்கொண்டு ஏறினார். பதில் கிடைத்துவிட்டது. இவ்வளவுதானா!

மறுநாள் காலை இருளப்பன் ஈட்டியோடு வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வழக்கம்போல ஈட்டியை இரண்டு கையாலும் உலக்கையைத் தூக்குவதுபோலப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, வாசல் வளைவுக்குள் வேகமாக நடந்தான். கை நெஞ்சுக்கு வரவில்லை.

மலைக்கொழுந்து எழுந்து எதிரே போய் நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்தார்.

"இருளப்பா, உன் ஈட்டியைக் கொஞ்சம் காட்டு. பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

இருளப்பனின் முகம் வெளிறியது. ஈட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அப்படியே காலில் விழுந்தான்.

"ஐயா, துரு இல்ல, ஐயா! நேத்துத்தான் எண்ணெய் போட்டேன். என்னைத் தளவாய்கிட்ட அனுப்பிடாதீங்க!"

"எழுந்திருடா. நான் கோபமா இல்ல."

"அதான் பயமா இருக்கு, ஐயா!"

மலைக்கொழுந்து இறங்கிப் போய் வாளைக் கல்லின்மேல் போட்ட சத்தம் மடத்துக்குள் கேட்டது.

"பலிக்கல, சாமி."

"ஈட்டியைக் காட்டச் சொன்னீர்களா?"

"சொன்னேன். நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன்."

"ஈட்டி எப்படி இருந்தது?"

"எப்படின்னா?"

"நீளமா, குட்டையா? புதிதா, பழையதா?"

மலைக்கொழுந்து விழித்தார். "நான் எங்க பார்த்தேன்?"

"பார்க்காமல் இருப்பதற்கா காட்டச் சொன்னீர்கள்?"

தம்பிரான் எழுந்து பூப்பறிக்கப் போய்விட்டார்.

அடுத்த மூன்று நாள் மலைக்கொழுந்து வாசலில் தன் மணையில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். வளைவின் நிழலில் அந்த மணை இருபத்திரண்டு வருடமாக ஒரே இடத்தில் கிடக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து கல்தரையில் நாலு கால் தடம் விழுந்திருந்தது.

இதுவரை அவர் வராத கையைத்தான் பார்த்திருந்தார். இப்போது அந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

ஈட்டியில் இருந்தது. ஒருவன் விடாமல் எல்லாரும் இரண்டு கையாலும் ஈட்டியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டுதான் வளைவுக்குள் வந்தார்கள். திமிர்த்தனம் என்று அவர் நினைத்திருந்த நடை அது. வளைவைத் தாண்டி வெளியே போனதும் ஈட்டிகள் தாமாக நிமிர்ந்தன.

ஏன்?

மூன்றாம் நாள் உச்சிவேளையில், வாசலில் வேறு யாரும் இல்லாதபோது இருளப்பன் வந்தான்.

"இருளப்பா, இந்த ஈட்டி முன்னை மாதிரி இல்லியே. நீளமா இருக்கோ?"

இந்தத் தடவை இருளப்பன் காலில் விழவில்லை. கிழவரின் கண் அவன்மேல் இல்லை, ஈட்டியின்மேல் இருந்தது.

"பழசைவிட ஒன்றரை முழம் நீளம், ஐயா. சித்திரைக் கடைசியில வந்த புது ஈட்டி. குதிரைக்காரனைக் குத்துறதுக்கு நீளம் வேணும்னு தளவாய் செய்யச் சொன்னார்."

"கொடு பார்ப்போம்."

மலைக்கொழுந்து ஈட்டியை வாங்கினார். கனத்தைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் நிமிர்த்தி இடக்கைக்கு மாற்றினார்.

தலைக்குமேல் கிறீச்சென்று ஒரு சத்தம். தலைப்பாகையில் கல்தூள் விழுந்தது.

இருளப்பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

மலைக்கொழுந்து அண்ணாந்து பார்த்தார். வளைவின் நடுக்கல்லில் பிள்ளையார். இடது காதில் ஒரு பழைய கீறல், வலது காதில் ஒரு புதிய கீறல்.

"அந்தக் காதை யாருடா கீறினது?"

"நான்தான், ஐயா. புது ஈட்டி வந்த முதல் நாளு. உங்களுக்குக் கை வைக்கலாம்னுதான் நிமிர்த்தினேன். குருக்கள் பார்த்துட்டார். கத்திரி வெயில்ல கோயிலைச் சுத்தி மூணு தடவை உருளச் சொன்னார். முதுகெல்லாம் கொப்புளம். அதுக்கப்புறம் இந்த வளைவுக்குள்ள ஒருத்தனும் ஈட்டியை நிமிர்த்துறதில்ல."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"எங்க ஐயா சொல்றது? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க பாதித் திட்டு திட்டிட்டீங்க."

மலைக்கொழுந்து ஈட்டியை மெல்லத் தாழ்த்திக் கொடுத்தார். சுற்றும் பார்த்தார்.

"இருளப்பா, வலது காது?"

"நான் பார்க்கல, ஐயா."

அன்று பொழுது சாயும் முன் மலைக்கொழுந்து தன் மணையைத் தூக்கினார். வளைவுக்கு வெளியே இருபது அடி தள்ளி, மொட்டை வெயிலில் கொண்டுபோய்ப் போட்டார்.

காரணம் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

மறுநாள் காலை இருளப்பன் வளைவைத் தாண்டினான், ஈட்டியை நிமிர்த்தினான், இடக்கைக்கு மாற்றினான். உள்ளங்கை நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவன் பின்னால் வந்தவனும் வைத்தான். அவனுக்குப் பின்னால் வந்தவனும்.

ஒவ்வொருவனுக்கும் மலைக்கொழுந்து திருப்பித் தந்தார். மூன்று மாதம் கையை மடக்கி வைத்திருந்ததில் தோள் பிடித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் சரியாகிவிட்டது.

"எல்லாரும் வச்சுட்டாங்க, சாமி" என்றார் மடத்தில். "ஒருத்தனைத் தவிர."

"யார்?"

"வேற யாரு? குப்பாண்டி."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். மத்தவங்களுக்கு ஈட்டி தடுத்துச்சு, சரி. பத்துத் தலைவன் ஈட்டி தூக்கறதில்ல. அவனுக்கு வாள். அவன் தவறினது சித்திரை ஏழு. புது ஈட்டி வந்ததே அதுக்கப்புறம்தான். அவனுக்குப் பிள்ளையாரும் இல்ல, காதும் இல்ல. ஒரு சாக்கும் இல்ல!"

"பிறகு ஏன் வைக்கவில்லை?"

"ஏன்னா? திமிர், சாமி. பத்துப் பேரைக் கையில கொடுத்ததும் தலை கனத்துடுச்சு."

"கேட்டீர்களா?"

"தெரிஞ்சதை எதுக்குக் கேட்கணும்?"

தம்பிரான் மடைப்பள்ளிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்பலம்! இவர் முதல் நாள் ஏன் வாளோடு உள்ளே வந்தார்?"

உள்ளிருந்து பதில் உடனே வந்தது. கூடவே ஒரு தாளிப்புச் சத்தமும்.

"வேற என்ன? திமிர்!"

பௌர்ணமிக்கு முந்தின நாள். குதிரைத் தொட்டியின் ஓரத்தில் குப்பாண்டி தனியாக உட்கார்ந்து வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய பத்துப் பேரில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அப்படி ஒரு நேரத்துக்காகத்தான் மலைக்கொழுந்து காலையிலிருந்து காத்திருந்தார்.

"குப்பாண்டி."

குப்பாண்டியின் முதுகு இறுகியது. திரும்பாமலே எழுந்து நின்றான்.

"உட்காரு, உட்காரு. ஒரு கேள்வி கேட்கணும்."

"கேளுங்க."

"கோபத்துல கேட்கல. எனக்குத் தெரியல, அதனால கேட்கறேன். சித்திரை ஏழாந்தேதியிலிருந்து நீ எனக்குக் கை வைக்கிறதில்ல. ஏன்?"

குப்பாண்டி எண்ணெய்த் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். கிழவர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"தை மாசம் என்னைப் பத்துத் தலைவனாக்கினாங்க" என்றான் குப்பாண்டி. "அன்னிக்கு என் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு முதல் தடவையா வாசல் வழியா வந்தேன். உங்களுக்குத்தான் முதல்ல கை வச்சேன். நீங்க கத்துக்கொடுத்த மாதிரியே வச்சேன். ஞாபகம் இருக்கா?"

மலைக்கொழுந்து யோசித்தார். "உன் செருப்பு வார் அவிழ்ந்திருந்துச்சு."

"அதுதான் ஞாபகம் இருக்கும். பத்துப் பேர் முன்னால 'வாரைக் கட்டத் தெரியாதவனுக்குத் தலைவன் பட்டமா'ன்னு கத்தினீங்க. கை திருப்பி வைக்கல. சரி, அன்னிக்கு ஏதோ கோபம்னு விட்டுட்டேன். மறுநாள் வச்சேன். மாசி முழுக்க வச்சேன். பங்குனி முழுக்க வச்சேன். ஒரு நாளும் நீங்க திருப்பி வைக்கல. தினமும் என் காலைத்தான் பார்த்தீங்க, வார் கட்டியிருக்கானான்னு. சித்திரை ஏழாந்தேதி எனக்குக் கை ஓஞ்சுபோச்சு."

தொட்டியில் ஒரு குதிரை தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை உதறியது. இருவர்மேலும் தண்ணீர் தெறித்தது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

"வார் அவிழ்ந்துதானே இருந்துச்சு?" என்றார் மலைக்கொழுந்து.

"அவிழ்ந்துதான் இருந்துச்சு."

மலைக்கொழுந்து தன் மனத்துக்குள் தேடிப் பார்த்தார். சித்திரை ஏழு இருந்தது, கிழக்குக் காற்று இருந்தது. மாசியில் இவன் வைத்த கை ஒன்றுகூட அங்கே இல்லை.

அவர் நிமிர்ந்தார். குதிகாலைச் சேர்த்தார். வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, குப்பாண்டியின் முகத்தைப் பார்த்தார். இளையவன் வைக்காமல் மூத்தவன் வைப்பது அந்தக் கோட்டையில் இல்லாத வழக்கம்.

குப்பாண்டி பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு வாளை உறையில் போட்டான், துணியை எடுத்தான், நடந்து போனான்.

அவன் கை வரவில்லை.

பௌர்ணமி அன்று காலை தளவாய் சொன்னபடியே வந்தார். குதிரையிலிருந்து இறங்காமல் மணைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நிழலை விட்டு ஏன் வெளியே வந்தாய்?" என்று கேட்டார்.

"இங்கேயிருந்து நல்லாத் தெரியுது, எசமான்."

படை வளைவைத் தாண்டி வெளியே வந்தது. ஈட்டிகள் நிமிர்ந்தன, மாறின. கைகள் நெஞ்சுக்கு வந்தன. மலைக்கொழுந்து ஒவ்வொருவனுக்கும் முகம் பார்த்துத் திருப்பி வைத்தார். தளவாயின் தலை திருப்தியாக ஆடியது. எலியும் களஞ்சியமும் தூரத்தூரப் போய்க்கொண்டிருந்தன.

கடைசியாக வந்தது குப்பாண்டியின் அணி.

முன்னால் குப்பாண்டி. மலைக்கொழுந்து அவன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

குப்பாண்டியின் வலக்கை அசைந்தது. இடுப்புக் கச்சை வரை வந்தது. அங்கேயே நின்றது. கீழே இறங்கியது.

அவன் கடந்து போனான். பின்னால் வந்த பத்துப் பேரும் வைத்தார்கள்.

"நில்!" என்றார் தளவாய்.

அணி நின்றது. குப்பாண்டி முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான்.

"மலைக்கொழுந்து, முன்னால் போனவன் உனக்குக் கை வைக்கவில்லை."

"வைக்கல, எசமான்."

"மறந்துவிட்டானா?"

"மறக்கல, எசமான்."

"பத்துப் பேர் முன்னால் இதென்ன பழக்கம்? இப்போதே கூப்பிடுகிறேன். எல்லாரும் பார்க்க வைத்துவிட்டுப் போகட்டும். இல்லையென்றால் நாளையிலிருந்து அவனும் ஈட்டி தூக்கட்டும்."

மூன்று மாதமாக மலைக்கொழுந்து சாப்பிடும்போதும், முகம் கழுவும்போதும், மணையில் உட்கார்ந்திருக்கும்போதும் நினைத்துப் பார்த்தது இதைத்தான். இதே வெயில், இதே கூட்டம், தலை குனிந்து திரும்பி வரும் குப்பாண்டி.

"வேண்டாம், எசமான்."

தளவாய் குதிரையைத் திருப்பினார். "ஏன்? மன்னித்துவிட்டாயா?"

"மன்னிக்கிறதா?" மலைக்கொழுந்துக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, எசமான்."

"பிறகு?"

"நீங்க சொல்லி அவன் வச்சா, அது உங்களுக்கு வச்ச கை. எனக்கு வர வேண்டியது அப்படியே நிக்கும்."